செயலாளர் ஆண்டறிக்கை: டைட்டா பயணமும் ஒரு தீர்மானமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நைரோபி வாழ் பறவை ஆர்வலர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்களும் சிறுவர் பறவை நோக்கலும் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி யாரிடம் என்பது அவரவருக்கே தெரியும்.

தென்கிழக்குக் கென்யாவின் டைட்டா மலைக்குப் போன பயணத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "சாவோ தேசியப் பூங்கா வரை போய்ச் சிங்கத்தை விட்டுவிட்டுக் குருவியா?" என்று சிலர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. வோய் நகர் வரை ரயில், அப்புறம் மட்டாட்டு என்ற வாடகை வேனில் மலையூரான வுண்டான்யி. அங்கிருந்து ங்கங்காவோ காடு. பரப்பு சுமார் 120 ஹெக்டேர்தான். நாம் தேடிப் போன டைட்டா அப்பாலிஸ் என்ற சிறு குருவி, இந்த மலையின் துண்டுக் காடுகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. நம்மூர்த் தையல்சிட்டுக்குச் சொந்தக்காரர்தான். இரண்டும் ஒரே குடும்பம். 1938இல் பறவையியலாளர் மோரோ இதற்கு அறிவியல் பெயரிட்டார்.

வழிகாட்டி கைகாட்டிய புதருக்குள் ஒரு ஜோடி இருந்தது. கருந்தொண்டை, வெளிறிய கண், நீண்ட வால். ஒன்று இலையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கிப் பச்சைப்புழுவை இழுத்து, கிளையில் இரண்டு அடி அடித்து விழுங்கியது. முணுமுணுத்தவர்கள்தான் கடைசியாக வேனில் ஏறினார்கள்!

2001க்கும் 2010க்கும் இடையில் இதன் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. மரத்தை வெட்டினால்தான் கேடு என்றில்லை. இரை தேடுவது கீழ்மட்டப் புதர்களில் என்பதால், மாடு மேய்ந்து, விறகு வெட்டிப் புதர் அழிந்தாலே பிழைப்பு போய்விடும். ஊராரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அடுப்பு எரிய வேண்டுமே. எதிர்ச்சரிவில் பைன், யூகலிப்டஸ் தோப்புகள் பச்சைப் பசேலென்று இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் காடுதான். இந்தக் குருவிக்கு அதனால் பெரிய பயனில்லை. நேச்சர் கென்யா அமைப்பு நிலம் வாங்கிக் காட்டை மீட்கும் வேலையில் இருக்கிறது.

அதனால் என் யோசனை: புதுத் தொலைநோக்கி வாங்க ஒதுக்கிய பணத்தில் பாதியை, அல்பீசியா, நியூட்டோனியா போன்ற உள்ளூர் மரக்கன்று வளர்க்கும் அங்குள்ள மகளிர் குழு ஒன்றுக்கும், விறகு மிச்சமாகும் அடுப்புகளுக்கும் தரலாம். தொலைநோக்கியை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் குடி முழுகிவிடாது. பொருளாளருக்கு இதில் உடன்பாடில்லை; அவர் வாதத்தையும் கேட்டுவிட்டு வாக்களியுங்கள்.

நன்றி.

செயலாளர்