அம்மாவின் மூடற்பெட்டி

லிங்கராஜபுரம், பெங்களூர்
15.12.2024, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் அருளால் நாங்கள் நால்வரும் சுகம். உங்கள் சுகமும் அப்பாவின் சுகமும் அறிய ஆவல்.

வெள்ளம் வடிந்த கையோடு நீங்கள் எழுதிய கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. "ஐந்து மாதமாக உன் கையெழுத்தைக் காணவில்லை" என்ற முதல் வரியிலேயே நெஞ்சு கனத்துவிட்டது. சாட்டுச் சொல்ல மாட்டேன். தங்கச்சியோடு வாரம் தவறாமல் தொலைபேசியில் கதைக்கிறேன், அவள் உங்களுக்குச் சொல்லியிருப்பாள் என்று இருந்துவிட்டேன். உங்களுக்குக் காது மந்தமான பிறகு கடிதத்தில்தான் நான் உங்களோடு கதைக்க முடியும் என்று தெரிந்தும் எழுதாமல் விட்டது என் பிழை. கொழும்பு மாமாவின் மருமகன் வேலை விடயமாக இங்கு வந்திருக்கிறார். நாளை மறுநாள் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்தில் வருகிறார். இதை அவர் கையில் கொடுக்கிறேன்.

குளிர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மார்கழி பிறந்தால் விடியற்காலையில் தரையில் கால் வைக்க முடியவில்லை. நுவரெலியாக் குளிர் அளவுக்கு இல்லை, ஆனால் இளவாலை வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இதுவே போதும். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்துவிடுகிறது. அடுப்படியில் வைத்து இளக்கித்தான் பிள்ளைகளுக்குத் தலை வாருகிறேன். சின்னவள் நீங்கள் பின்னிக் கொடுத்த கம்பளித் தொப்பியைக் கழற்ற மறுக்கிறாள்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. இங்கே ராகி என்று சொல்வது நம் குரக்கன்தான். கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா அதை உருண்டையாகக் கிண்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கச் சொல்லித் தருகிறார். எனக்கு அது இன்னும் வரவில்லை. நான் குரக்கன் பிட்டு அவித்துக் கொடுத்தேன், அவருக்கு அது பிடித்துவிட்டது. மீன் வாங்க ரஸல் மார்க்கெட்டுக்குப் போகிறேன். பாரையும் விளைமீனும் வருகின்றன. ஐஸில் கிடந்த மீன்தான், ஆனாலும் செதிளைத் தொட்டதும் கை நம்மூர்ச் சந்தையில் நிற்கிறது.

மேல்வீட்டு ஐயாவைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001ஆம் ஆண்டு சுரங்கத்தை மூடிய பிறகு மகனோடு இங்கு வந்துவிட்டார். பாட்டனார் காலத்தில் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பமாம். நிலத்துக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினால் பாறையே சுடும் என்று சொல்லுவார். அத்தனை வெக்கையில் வேலை செய்த மனிதர் இப்போது இந்தக் குளிரில் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு, வீதி முழுவதும் சேரும் பால் பைகளை வாங்கிக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கிறார். ஏன் என்று முதல் வருடம் எனக்கு விளங்கவில்லை. டிசம்பர் முதலாம் திகதி பார்த்தேன்: மூங்கில் தப்பையைச் சீவி, ஐந்து முனைச் சட்டம் இரண்டு கட்டி, நடுவில் குச்சி கொடுத்து உப்ப வைத்து, வர்ணத் தாள் ஒட்டிய பெரிய நட்சத்திரம். அதன் வாலில் அந்தப் பால் பைகளை நாடாவாக வெட்டிக் குஞ்சம் கட்டியிருந்தார். மழையில் நனைந்தாலும் சாயம் போகாது என்று பெருமையாகச் சொன்னார். இந்த வீதியில் பதினொரு வீட்டில் அவர் கட்டிய நட்சத்திரம்தான் தொங்குகிறது. ஒரு சதம் வாங்குவதில்லை.

இனி உங்களிடம் சொல்லியே ஆகவேண்டிய விடயத்துக்கு வருகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை, 20ஆம் திகதி, மகனின் பாடசாலையில் விடுமுறைக்கு முந்திய கடைசி நாள். இங்கே வகுப்பில் சீட்டுக் குலுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் இன்னொரு பிள்ளைக்கு இரகசியமாகப் பரிசு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கிறிஸ்மா, கிறிஸ் சைல்ட் என்கிறார்கள். அதோடு நிற்க மகன் சம்மதிக்கவில்லை. வகுப்பில் அவனைத் தவிர 37 பிள்ளைகள், ஆசிரியைகள் ஆறு பேர், வாசலில் நிற்கும் ஆயா, வான் ஓட்டும் அண்ணன். மொத்தம் 45 பேர். ஒரு பெயரை விட்டாலும் கண் கலங்குகிறான். "அம்மா, அவர்களும் நத்தாருக்குக் காத்திருப்பார்கள்" என்கிறான். இங்கே எல்லோரும் கிறிஸ்துமஸ் என்று சொன்னாலும் அவன் நத்தார் என்று சொல்வதை விடவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

கமர்ஷியல் வீதிக்குப் போய்க் கடைகளைப் பார்த்தேன். கண்ணாடி உருண்டைகள் பிள்ளைகளின் கையில் உடைந்துவிடும், கையால் செய்ததுதான் நல்லது என்று தீர்மானித்துத் திரும்பி வந்தேன். பிள்ளைகளுக்கு உப்பு மாவில் பொம்மை, ஆசிரியைகளுக்கு ஓலை நட்சத்திரம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு கிண்ணம் கோதுமை மா, ஒரு கிண்ணம் உப்பு, ஒரு கிண்ணம் தண்ணீர். கெட்டியாகப் பிசைந்து தட்டி, புறா, மணி, மீன் என்று வெட்டி, நூல் கோக்க ஈர்க்கால் துளையிட்டு மொட்டை மாடியில் காயவைத்தோம். அன்றைக்குத்தான் ஃபெஞ்சல் புயலின் மழை இங்கே வந்தது. உங்கள் முற்றத்தில் முழங்கால் அளவு வெள்ளம் நிறுத்திப் போன அதே புயல் அம்மா. மூன்று நாள் வெயில் இல்லை. உப்பு ஈரத்தை இழுத்து, பொம்மையெல்லாம் பிசுபிசுத்து, புறாவின் சிறகு கையோடு வந்துவிட்டது. மகன் ஒன்றும் கதைக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே நீங்கள் கோழிகளைத் தூக்கிக் கூரைக்கு அடியில் வைத்துக்கொண்டு நிற்க, இங்கே நான் மாவுப் புறாவுக்கு அழக்கூடாது என்று மனதைப் பிடித்துக்கொண்டேன்.

45 பேருக்கும் ஓலைதான் என்று முடிவு செய்தேன். புரட்டாதியில் கப்பலில் வந்த சித்தப்பாவிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய பனஞ்சார்வோலைக் கட்டு அப்படியே இருந்தது. ஈரத் துணியில் ஓர் இரவு சுற்றி வைத்து, ஈர்க்கு நீக்கி, அரை விரல் அகலத்துக்கு வார்ந்தேன். நான்கு வார்களை இரண்டாக மடித்து, ஒன்றின் வாய்க்குள் மற்றதைக் கோத்துச் சதுரம் இறுக்கி, நுனிகளை மடக்கினால் எட்டு முனை. குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடிக்க நீங்கள் கற்றுக் கொடுத்த அதே முதல் மடிப்புத்தான். அதற்குப் பிறகு விரல் தானாகப் போனது. இறுக்கும்போது ஓலை "கிறீச்" என்று ஒரு சத்தம் போடுமே, அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சின்னவள் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறாள். பிள்ளைகளின் அப்பா அச்சகத்தில் வெட்டிக் கழித்த கெட்டித் தாளில் பெயர்ச் சீட்டு வெட்டிக் கொடுத்தார். இந்த வருடம் நாட்காட்டி வேலை கொஞ்சம் குறைவு, அதனால் பின்னேரமே வீட்டுக்கு வந்துவிடுகிறார். பிள்ளைகளுக்கு நல்ல சந்தோஷம்.

ஒரு நட்சத்திரத்தை மகன் வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். மறுநாள் ஆசிரியை என்னை வரச் சொன்னார். ஓலையை எண்ணித்தான் எடுக்க வேண்டியிருந்ததால், அச்சகத்து ஓரத்தாளை நாடாவாக வெட்டிக் கொண்டுபோனேன். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். கன்னடம், தமிழ், இந்தி, தெலுங்கு எல்லாம் கலந்து கேட்டன. எனக்கு ஆங்கிலமும் கன்னடமும் தட்டுத் தடுமாறித்தான் வரும். கையைத் தூக்கிக் காட்டினேன், அவர்கள் பார்த்து மடித்தார்கள். முதலில் முடித்தது மணிப்பூரிலிருந்து வந்து ஆனியில் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை. யாரோடும் அவ்வளவாகக் கதைக்காதவளாம். முடித்த நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடித்தாள் பாருங்கள், அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. மகனுக்குக் குலுக்கலில் விழுந்த பெயர் அவளுடையதுதான். அதனால் அவளுக்கு மட்டும் நட்சத்திரத்தோடு ஓர் ஓலைக்கிளியும் செய்திருக்கிறேன். கைக்குழந்தை உள்ள ஆசிரியைக்கு, உள்ளே கடலை விதை போட்ட கிலுகிலுப்பை.

36 முடிந்தபோது ஓலை தீர்ந்துவிட்டது. இன்னும் ஒன்பது. இங்கே எந்தக் கடையில் கேட்டாலும் தென்னங்குருத்துத்தான் தருகிறார்கள். அது வாடிச் சுருங்கிவிடும். மூன்று இரவு யோசித்தேன். அம்மா, கோபிக்க வேண்டாம். ஒடியல் மா வைத்து நீங்கள் அனுப்பிய மூடற்பெட்டியின் மூடியைப் பிரித்தேன்.

தண்ணீரில் ஊறவைத்து விளிம்பிலிருந்து மெல்ல மெல்லக் கழற்றினேன். நீங்கள் இறுக்கிய இறுக்கத்தை அவிழ்க்க என் நகம் போதவில்லை. வெளிப்பக்க ஓலை மங்கியிருந்தது, உள்ளே மடிந்து கிடந்த பக்கத்தில் சிவப்புச் சாயம் நேற்றுப் போட்டதுபோல் இருந்தது. விளிம்பு மடிப்புக்குள், இரண்டு வார்களுக்கு இடையில், ஒரு நீளமான நரைமுடி. பின்னும்போது உங்கள் தலையிலிருந்து விழுந்து ஓலையோடு ஓலையாகப் பின்னப்பட்டிருக்கிறது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். நான் வெளிக்கிட்டு வந்தபோது உங்கள் தலையில் நரை இல்லை அம்மா. ஆறு வருடம். நீங்கள் நரைத்ததை நான் பார்க்கவில்லை. தங்கச்சி தொலைபேசியில் காட்டும் படத்தில் எப்போதும் தலையில் சேலைத் தலைப்பு. எல்லோரும் படுத்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதேன். அந்த முடியை என் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஒன்பது நட்சத்திரமும் விடிவதற்குள் முடிந்தது. அவை மற்றவற்றைவிடச் சிறியவை, ஆனால் சிவப்பு ஓடியவை. ஆறை ஆசிரியைகளுக்கு ஒதுக்கினேன், ஒன்று ஆயாவுக்கு, ஒன்று மேல்வீட்டு ஐயாவுக்கு. அவருடையதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதற்கு மகன் என்னைக் கோபித்தான், அதனால் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இன்னும் ஒரு தாள் நட்சத்திரம் செய்ய வேண்டியிருக்கிறது. மிஞ்சியது வான் ஓட்டும் அண்ணனுக்கு.

இன்று திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. சிவாஜிநகர் மரியன்னைப் பேராலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போய் வந்தோம். சேலை கட்டிய மாதா அங்கே இருப்பதை எழுதியிருந்தேன். மடுமாதாவிடம் வேண்டுவதையெல்லாம் அவரிடம்தான் வேண்டுகிறேன். இளஞ்சிவப்பு மெழுகுதிரி ஏற்றியபோது உங்கள் மூவருக்காகவும் வேண்டினேன்.

இனி வீட்டு விடயம். தங்கச்சியின் கலியாணம் வைகாசியில் என்று ஒப்புக்கொண்டது நல்லது. மாப்பிள்ளை வீட்டாரை எனக்கும் பிடித்திருக்கிறது. பனங்காணி எட்டுப் பரப்பில் என் பெயரில் உள்ள நாலு பரப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழுவதையும் அவளுக்கே சீதனமாக எழுதுங்கள். என் பங்குக்குக் காசு ஒன்றும் வேண்டாம், எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அவரோடும் கதைத்துவிட்டேன், அவருக்கும் முழுச் சம்மதம். தை மாதம் சென்னைக்குப் போய், நம் பிரதி உயர் ஸ்தானிகராலயத்தில் எனக்குப் பதிலாக அப்பா கையெழுத்து வைக்க அவர் பெயருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புகிறேன். உறுதியின் பிரதி ஒன்று எனக்கு வேண்டும். நொத்தாரிசிடம் கேட்டுத் தங்கச்சியிடம் கொடுங்கள், அவள் படம் எடுத்து அனுப்பட்டும்.

வெள்ளத்தில் வேலி சாய்ந்ததைச் சாட்டாக வைத்து, கிணற்றடி மாமி இரண்டு முழம் உள்ளே கதியால் நட்டிருக்கிறா என்று எழுதியிருந்தீர்கள். அப்பா அதற்காக வாய்த்தர்க்கத்துக்குப் போக வேண்டாம். பிரஷர் மாத்திரை எடுக்கும் மனிதர். நில அளவையாளரைக் கூப்பிட்டு, எல்லைக் கல்லைக் காட்டி, மாமியையும் பக்கத்தில் நிறுத்தி அளந்தால் போதும். நமக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சி கொண்டுவருபவர் மாமிதான். அப்பாவின் கண் சத்திர சிகிச்சையை மாசிக்குத் தள்ள வேண்டாம்.

என் கை வெறுமையாக இருக்கிறது என்று தங்கச்சி உங்களிடம் சொன்னாளாம். ஓலை வாரும்போது காப்பு தடுக்கிறது. இரண்டு சோடியும் வங்கியில் பத்திரமாக இருக்கின்றன, கலியாணத்துக்குள் எடுத்துவிடுவேன். நத்தாருக்கு அனுப்பும் காசு இம்முறை தை பிறந்ததும் வரும். அதற்காக அரியதரமும் பயத்தம் பணியாரமும் சுடாமல் விட வேண்டாம். மாமாவின் மருமகனிடம் கேக் ஒரு கட்டும், 46ஆவதாக உங்களுக்கென்று செய்த தாள் நட்சத்திரமும் கொடுத்திருக்கிறேன். பாலன் குடிலின் மேலே கட்டுங்கள்.

காணியை எழுதும்போது ஒன்றை மட்டும் மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வீடு கட்டினாலும் கிணற்றுக்கு வடக்கே நிற்கும் மூன்று பனை வடலியையும் வெட்டக்கூடாது. அடுத்த மார்கழிக்குச் சார்வோலை எனக்கு அதில்தான் வர வேண்டும். பெட்டி இப்போது மூடியில்லாமல் தட்டில் இருக்கிறது. மூடி மட்டும் ஒன்று பின்னி அனுப்புங்கள். பெட்டியின் வாய் குறுக்கே எட்டரை அங்குலம், நூல் பிடித்து இரண்டு முறை அளந்துவிட்டேன்.

அன்பு மகள்