கான்டெஸாவுக்கு 50 வயது ஆகும்வரை

ஐயா,

அமெரிக்க மசில் கார்கள் (பெரிய இன்ஜின் வைத்த வேகக் கார்கள்) பற்றி உங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். 1964 போன்டியாக் ஜிடிஓ, 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின்! குளச்சலில் அதற்கு எங்கே போக? என்னிடம் இருப்பது 1989 ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸா கார். உள்ளே 1.8 லிட்டர் இசுசு இன்ஜின்தான். ஆனால் அந்த நீண்ட பானட்டைப் பார்த்தால் அமெரிக்காவின் ஃபோர்டு மஸ்டாங்குக்குத் தம்பி மாதிரி இருக்கும்.

உப்புக்காற்றில் கதவின் அடிப்பக்கம் மாவாக உதிர்கிறது. இரண்டு முறை தகரம் வைத்துப் பற்றவைத்தாயிற்று. டீக்கடையில் நிறுத்தினால் பையன்கள், "மாமா, ஒண்ணு ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார்கள். பண்ணாமல் இருக்க முடியுமா?

விண்டேஜ் (பழங்கால வாகனம்) என்ற பதிவுக்குக் காருக்கு 50 வயது ஆக வேண்டுமாம். அதாவது 2039. அதுவரை 5 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) அலைச்சல். 30 வயது தாண்டிய கார்களுக்கு அரசு தனிப் பிரிவு வைக்கலாமே?

- ஒரு வாசகர், குளச்சல்