பல்கலைக்கழகத்தின் கதவு சிறு வியாபாரிக்கும் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் 19 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பாடசாலைச் சீருடை, சாரி பிளவுஸ், பழைய உடுப்புகளைத் திருத்திக் கொடுப்பது. மூன்று மெஷின், உதவிக்கு இரண்டு பேர். சென்ற வருடம் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் இருக்கும் என் தங்கச்சி வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அங்கே கண்ட ஒரு விஷயத்தை உங்கள் பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்று திரும்பி வந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சியின் பக்கத்து வீட்டு அம்மா மெக்சிக்கோவிலிருந்து வந்தவர். 'தமாலே' அவித்து விற்கிறார். சோளமாவைப் பிசைந்து, நடுவில் இறைச்சி வைத்து, காய்ந்த சோள மடலில் சுற்றி ஆவியில் அவிப்பது. எங்கள் இருவருக்கும் பொது மொழி கிடையாது. தங்கச்சியின் மகள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிய மொழி படிக்கிறாள், அவள்தான் இடையில் நின்று சொல்வாள். ஒரு நாள் அந்த அம்மா, "பல்கலைக்கழகத்துக்குப் போறன், வாறீங்களா" என்று கேட்டார். பிள்ளைகளின் படிப்பு விஷயமாக்கும் என்று நினைத்துப் போனேன். அவர் கையில் இருந்தது வியாபாரக் கணக்குக் கொப்பி.

சான் அன்டோனியோவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் சிறு தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றை நடத்துகிறது. ஆலோசகர் ஸ்பானிய மொழியிலேயே பேசினார். ஒரு மணி நேரம், ஒரு சதம் கட்டணமில்லை. கொப்பியைப் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இதில் உங்கள் கூலி எங்கே?" மா, இறைச்சி, எரிவாயு எல்லாம் எழுதியிருந்தது. விடிய நான்கு மணிக்கு எழும்பி நிற்கும் அந்தப் பெண்ணின் உழைப்பு மட்டும் எழுதப்படவில்லை. பிறகு இறைச்சி சேர்ந்த உணவை வீட்டுச் சமையலறையில் செய்து விற்க அங்கே சட்டம் இடம் கொடுக்காது என்று விளக்கினார். அதைச் சொல்லி அனுப்பிவிடவும் இல்லை. அனுமதி பெற்ற சமையலறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது எப்படி, எந்தப் படிவம், யாரிடம் கொடுப்பது என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்.

அன்றிரவு நான் ஒரு தாளை எடுத்து என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாடசாலை வெள்ளைக் கவுனுக்கு நான் வாங்கும் தையற்கூலி 900 ரூபாய். நூல், சிப், பொத்தான், மின்சாரம், உதவிப் பிள்ளையின் சம்பளம், கடை வாடகையில் ஒரு பங்கு எல்லாம் கழித்தால் 140 ரூபாய் மிஞ்சுகிறது. அதற்காக நான் மெஷினில் இருப்பது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். 19 வருடத்தில் ஒருவரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அதை நினைத்து அன்று அழுதேன்.

இந்த நிலையங்கள் லத்தீனோ மக்களுக்கென்று, அதாவது மெக்சிக்கோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்குமென்று, தனியாகத் தொடங்கப்பட்டவை அல்ல. 1970களில் சில பல்கலைக்கழகங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1980 இல் சட்டமாகி, இன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 1,000 இடங்களில் இயங்குகின்றன. மத்திய அரசு ஒரு பங்கு கொடுத்தால் அதற்குச் சமமான பங்கை நடத்துகிற நிறுவனமும் மாநிலமும் தேட வேண்டும். யாரும் போகலாம். ஆனால் சான் அன்டோனியோவில் பாதிக்கும் மேலானவர்கள் லத்தீனோக்கள் என்பதால், அங்கே ஸ்பானிய மொழி தெரியாத ஆலோசகரை வைத்துக்கொண்டு வேலை நடக்காது. வருகிறவருடைய மொழிக்கு நிலையம் போகிறது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வேறு விதமாக உதவுகிறது. லத்தீனோ தொழில்முனைவோருக்கென்றே அங்கு 2013 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. வியாபாரம் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறார்கள். வியாபாரத்தின் தரம் ஒரே மாதிரி இருந்தாலும் பெரிய வங்கிகளில் லத்தீனோக்களுக்குக் கடன் கிடைப்பது வெள்ளையரைவிட அரிது என்று எண்களோடு காட்டியது அந்த ஆய்வுதான். இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. தனித்தனியே அவமானப்பட்டுத் திரும்பியவர்களின் கதையை ஒரு பல்கலைக்கழகம் சேர்த்து எண்ணிக் காட்டினால், பிறகு அதை யாரும் 'உன் தனிப்பட்ட பிரச்சினை' என்று ஒதுக்க முடியாது.

படித்து உத்தியோகத்துக்குப் போனவர்களும் ஒதுங்கி நிற்கவில்லை. 1972 இல் லொஸ் ஏஞ்சலிஸில் லத்தீனோ கணக்காளர்கள் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று அதற்குப் பல்கலைக்கழகங்களில் மாணவர் கிளைகள் இருக்கின்றன. அதைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது கொழும்பிலுள்ள நம் தமிழ்க் கணக்காளர்கள்தான். பட்டயக் கணக்காளராகும் கனவோடு வெள்ளவத்தையில் அறை எடுத்துப் படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் பத்துப் பேர் மாதம் ஒரு சனிக்கிழமையைத் தந்தால் போதும்.

அங்கேயும் எல்லாம் சுகமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாணவரில் 25 வீதத்துக்குக் குறையாமல் லத்தீனோக்கள் படிக்கும் பல்கலைக்கழகங்களுக்கெனத் தனி நிதி இருந்தது. அதில் பெரும் பகுதியை நிறுத்துவதாக 2025 செப்டெம்பரில் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் அறிவித்துவிட்டது. அரசாங்கக் காசை மட்டும் நம்பி ஒன்றைக் கட்டினால் இதுதான் நடக்கும். அப்படிப் பார்த்தால் நான் கேட்பது பெரிய காசுக்குரிய காரியமே இல்லை.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் போன நாட்களில் நான் பழைய கால்மிதி மெஷினை இறக்கித் தைத்தேன். அந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஆறு பெண்கள் வீட்டிலிருந்தே ஏதோ ஒரு வியாபாரம் தொடங்கினார்கள். இடியப்பம், மிளகாய்த்தூள், பிறந்தநாள் கேக், சீலைக்கு ஃபோல்ஸ் அடிப்பது. இன்று இரண்டு பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். மற்றவர்களின் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. வியாபாரப் பெயரைப் பதிவது எப்படி என்று தெரியாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் என்ன கேட்பார் என்று பயம், கணக்கு எழுதுவதில்லை. அப்புறம் கிழமைத் தவணைக் கடன்காரன் வாசலுக்கு வந்தான்.

நானும் 2023 இல் துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லொக் மெஷினுக்காக ஒரு வங்கிக்குப் போனேன். படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழில் தாருங்கள் என்றதற்கு முடிந்துவிட்டது என்றார்கள். இரண்டு வருடக் கணக்கறிக்கை கேட்டார்கள். என்னிடம் இருந்தது எண்ணெய்க் கறை படிந்த கொப்பி. கடைசியில் சீட்டுக் கட்டித்தான் மெஷின் எடுத்தேன், அதற்கு 14 மாதம் காத்திருந்தேன். ஒரு தொழில் பயிற்சி வகுப்புக்கும் போனேன், முழுவதும் சிங்களத்தில் நடந்தது. நான் கடைச் சிங்களம் நன்றாகப் பேசுவேன், ஆனால் 'தேய்மானம்' போன்ற கணக்கியல் சொல்லைக் கடைச் சிங்களத்தில் விளங்கிக்கொள்ள முடியாது. தமிழ் அரசகரும மொழியானது 1987 இல்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ பீடம் இருக்கிறது. நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் படிக்கும் தமிழ் மாணவர்கள் நிறையப் பேர். 2017 இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய உயர்கல்வித் திட்டத்தின் கீழ், தொழிற்றுறையோடு தொடர்பு வைக்கும் பிரிவுகளும் பல்கலைக்கழகங்களில் உருவாகியிருக்கின்றன. ஆகவே புதுக் கட்டடமோ புது அதிகாரசபையோ தேவையில்லை. கணக்கியலும் முகாமைத்துவமும் படிக்கும் இறுதியாண்டு மாணவர் இருவருக்கு ஒரு சிறு வியாபாரம் என்று பொறுப்புக் கொடுத்து, ஆறு மாதம் அதன் கணக்கை அவர்களோடு இருந்து எழுத வைத்து, அதற்குப் புள்ளியும் கொடுங்கள். மேலே ஒரு விரிவுரையாளர் பார்த்துக்கொள்ளட்டும். தமிழில் நடக்கட்டும், சிங்களத்தில் வேண்டியவருக்குச் சிங்களத்திலும் நடக்கட்டும்.

இன்னொன்று, தயவுசெய்து எங்களை வளாகத்துக்கு வரச் சொல்லாதீர்கள். கொழும்புப் பல்கலைக்கழகம் இருக்கும் ரீட் அவனியூவால் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு நாளும் உள்ளே போனதில்லை. என்னைப் போன்றவர்கள் வாசலில் காவலாளி என்ன கேட்பாரோ என்று யோசித்தே திரும்பிவிடுவோம். இலவசக் கல்விக்கு நாங்களும்தான் காசு கொடுக்கிறோம். கடையில் பல சாமான்களை வாங்கும்போது 18 வீதம் வற் வரி எங்கள் கையிலிருந்து போகிறது. அந்த உரிமையில்தான் கேட்கிறேன், நீங்கள் இங்கே வாருங்கள். கோயில் மண்டபம், தேவாலய மண்டபம், வாசிகசாலை, எதுவானாலும் சரி.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு என் கடையின் முன்னறை சும்மா இருக்கிறது. வெட்டு மேசை ஆறடி நீளம், துணியை எடுத்துவிட்டால் நான்கு பேர் கொப்பி விரித்து எழுதலாம். எந்தப் பல்கலைக்கழகம் முன்வந்தாலும் அந்த இடத்தை வாடகையில்லாமல் தருகிறேன். அந்த ஆறு பெண்களுக்கும் சொல்லிவிட்டேன், வருவதாகச் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
தையற்கடை வைத்திருக்கும் வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13