எதுவும் நடக்கலாமாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலப் பயணம் செய்யும் 'டாக்டர்' என்பவரைப் பற்றிய பிரிட்டிஷ் தொடரான 'டாக்டர் ஹூ'வின் 2025 சீசன் இறுதிப் பகுதி பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். "அறிவியல் புனைவில் எதுவும் நடக்கலாம், அதனால் முடிவில் லாஜிக் பார்க்கத் தேவையில்லை" என்று முடித்திருக்கிறார் உங்கள் விமர்சகர். லாஜிக் பார்க்க வேண்டாம் என்றால் விமர்சகர் எதற்கு என்று கேட்க மாட்டேன். அது உங்கள் வீட்டு விவகாரம்.

ஆனால் எதுவும் நடக்கலாம் என்கிற கதையில்தான் கணக்கு கறாராக இருக்க வேண்டும். தாங்கள் அறியாததல்ல. 2010 சீசனின் 5-வது பகுதியில் டாக்டர் போட்டிருக்கும் கோட்டை ஒரு கற்சிலை பிடித்துக்கொள்ளும். கோட்டைக் கழற்றி அதன் கையிலேயே விட்டுவிட்டுத் தப்புவார். அடுத்து காட்டுக்குள் வெறும் சட்டையோடு அலைகிறார். நடுவில் ஒரே ஒரு காட்சியில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தோழி ஏமியின் கையைப் பிடித்துப் பேசும்போது மட்டும் கோட்டு போட்டிருப்பார். கன்டின்யூட்டி கோட்டைவிட்டார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. 8 வாரம் கழித்து 13-வது பகுதியில்தான் தெரிந்தது: அந்தக் காட்சியில் வந்தவர் பிற்காலத்திலிருந்து திரும்பி வந்த டாக்டர். ஒரு கோட்டு, அவ்வளவுதான் செலவு.

2005-லும் இப்படித்தான். டாக்டரின் தோழி ரோஸ், அவருடைய காலப் பயண வாகனமான டார்டிஸின் இதயத்தைத் திறந்து, அதன் ஒளியால் எதிரிகளான டாலெக்குகளைத் தூளாக்கியது திடீர் வரம் அல்ல. அதே ஒளியைப் பார்த்த ஒருத்தி முட்டையாகிப் போனதை 11-வது பகுதியிலேயே காட்டிவிட்டார்கள். அதற்கு விலையும் இருந்தது: அந்தச் சக்தியைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்ட டாக்டர் பிழைக்கவில்லை, வேறு உடம்புக்கு உருமாறினார், வேறு நடிகர் வந்தார்.

இப்போது 2025-க்கு வாருங்கள். மே 24-க்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று முதல் பகுதியிலிருந்தே தவிக்கிறாள் டாக்டரோடு பயணிக்கும் பெலிண்டா. இறுதிப் பகுதியில் உலகம் மாறி அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று ஆனதும், பழைய காட்சிகளையே திரும்பக் காட்டி, அப்போதே அவள் மகளைப் பற்றிப் பேசியதுபோல வசனம் சேர்க்கிறார்கள். உலகம் மாறினால் கடந்த காலமும் மாறுமே என்பது சமாதானம். சரி. ஆனால் 2010-ல் விதைத்துவிட்டு அறுத்தார்கள். இங்கே அறுத்துவிட்டுப் போய் விதைத்திருக்கிறார்கள். இந்த வித்தியாசம் விமர்சகர் கண்ணில் படவில்லை.

அவர் கண்ணில் பட்டது இறுதிப் பகுதியின் வில்லன் ஓமேகாவின் "பிரம்மாண்டம்". 1973-ல் வந்த கதையில் டாக்டர்கள் (ஒரே டாக்டரின் வெவ்வேறு உருவங்கள்) அவன் முகமூடியைத் தூக்கிப் பார்க்கும்போது உள்ளே தலையே இருக்காது. உடம்பு எப்போதோ அரித்துப் போய்விட்டது, மிச்சமிருப்பது பிடிவாதம் மட்டும். காலப் பயணத்தைத் தன் இனத்துக்குத் தந்தவனின் கதி அது. அந்தச் சூனியத்தைத்தான் ஒரு பெரிய எலும்பு மிருகமாக்கி, 'ராணி' என்கிற இன்னொரு வில்லியை விழுங்கவைத்து, சில நிமிடங்களில் சுட்டு, வந்த வழியே திருப்பித் தள்ளிவிட்டார்கள். 13 பகுதிகள் இருந்த சீசன் எட்டே பகுதிகளாகச் சுருங்கியதில் விதைக்கவே இடம் இல்லாமல் போனது என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை.

இது முதல் தடவையும் அல்ல. போன சீசனில் சுடெக்கை "புதிய வில்லன்" என்றீர்கள். 1975-ல் வந்தவன், 49 வருடம் கழித்தும் அதே கேப்ரியல் உல்ஃப்தான் குரல் கொடுத்தார். டாலெக்கை "ரோபோ" என்றீர்கள். அந்த உலோகக் கூட்டுக்குள் உயிருள்ள ஜந்து இருக்கிறது. டார்டிஸ் உங்களுக்கு எப்போதுமே "டெலிபோன் பூத்". அது போலீஸ் பெட்டி, கதவுக்கு மேலேயே எழுதியிருக்கிறது. நாயகனை "டாக்டர் ஹூ" என்று அழைப்பதை மட்டும் மன்னிக்கிறேன், தொடரின் டைட்டிலிலேயே 1981 வரை அப்படித்தான் போட்டார்கள்.

கேட்பது ஒரு சின்னத் திருத்தம்தான். "பில்லி பைப்பர்தான் 16-வது டாக்டர்!" என்று முடிவைத் தலைப்பிலேயே போட்டு உடைத்தீர்கள். பார்க்காதவர்கள் பாவம், போகட்டும். ஆனால் டைட்டிலில் வந்தது "அறிமுகம்: பில்லி பைப்பர்" என்பது மட்டுமே, டாக்டராக என்று போடவில்லை. 2005-லேயே ரோஸாக வந்தவருக்கு "அறிமுகம்" என்று போட்டதே ஒரு குறும்பு. அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்