அம்மாவின் அரிசி டின்: நிவாரணம் கொண்டுவரும் பங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத்துக்கு உதவி கொண்டுவந்த, இனியும் கொண்டுவரப்போகிற கத்தோலிக்கப் பங்குச் சபைகளுக்கும் இளைஞர் ஒன்றியங்களுக்கும்,

முதலில் நன்றி. சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கமெல்லாம் மலை சரிந்து, நாடு முழுக்க 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோன அந்த நாட்களில், ரோடு எங்கே உடைந்து கிடக்கிறது என்றுகூடத் தெரியாமல் அரிசியையும் பாயையும் ஏற்றிக்கொண்டு மேலே வந்தவர்கள் நீங்கள். வேன் போகாத இடத்தில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனுக்கும் அப்படித்தான் சாமான் வந்து சேர்ந்தது. நான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். ஐந்து நாள் ஊருக்கு லைன் கிடைக்கவில்லை, அம்மா இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. அவர் உயிரோடு இருப்பதை எனக்குக் காட்டியது ஃபேஸ்புக்கில் வந்த ஒரு நிவாரணப் படம்தான்.

அதனால் அந்தப் படத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வரக்கூடாது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

தோட்டத்துப் பள்ளிக்கூட வராந்தா. பின்னால் பேனர். அம்மா, அப்பாவுடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டு, தலையில் துவாயைச் சுற்றி, காலில் செருப்பில்லாமல் நிற்கிறார். பையின் ஒரு காது அவர் கையில், மறு காது கொடுக்க வந்தவர் கையில். கொடுப்பவர் கமராவைப் பார்க்கிறார். அம்மா பையைப் பார்க்கிறார்.

எந்தக் குழு என்று சொல்லமாட்டேன், அது தேவையுமில்லை. கிறிஸ்து பிறப்புப் பெருநாளான நத்தாருக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். "சிரிக்கச் சொன்னாங்க தம்பி, எனக்கு வரல, மூணு தடவ எடுத்தாங்க" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர் அவர். அட்டை கடியிலும் மழையிலும் நின்று, கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம், என்ற கணக்கிலும் எங்களை வளர்த்தவர். 2024-ல்தான் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக ஆனது, அதற்கு முன்னால் 1000 ரூபாவுக்கே எத்தனை வருஷப் போராட்டம் என்பது உங்களுக்கும் தெரியும். யாரிடமும் கைநீட்டி நின்று அவருக்குப் பழக்கமில்லை.

இப்போது டின்னைப் பற்றிச் சொல்கிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் அறையான காம்பராவில், அடுப்புக்குப் பக்கத்தில் பழைய பால்மா டின் ஒன்று இருக்கும், நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே. சோற்றுக்கு அரிசி அளந்த பிறகு, கழுவுவதற்கு முன்னால், அம்மா அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டின்னில் போடுவார். நோன்பு நாட்களான தவக்காலத்தில் மட்டுமல்ல, எல்லா நாளும். டின் நிறைந்தால் லயத்தில் யார் வீட்டில் சுகமில்லையோ, யாருக்கு அந்த மாதம் வேலை நாள் கணக்கில் பேர் விழவில்லையோ அங்கே போகும். "ஆண்டவர் இன்னைக்குக் குடுத்தாரு, அதுக்கு" என்பார், கேட்டால்.

நீங்கள் கொடுத்த அந்தப் பையில் ஐந்து கிலோ அரிசி இருந்தது. அன்றைக்கு ராத்திரி பள்ளிக்கூட வகுப்பறையில் பொது அடுப்பில் சமைக்கும்போது, டின் மண்ணுக்குள் போய்விட்டதால் ஒரு கோப்பையில் அந்தப் பிடியை எடுத்து வைத்திருக்கிறார். அது போனது மேல் லயத்து அக்காவுக்கு. மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர், அவருடைய காம்பராதான் முதலில் சரிந்தது. இதை அம்மா எனக்குச் சொல்லவே இல்லை, அந்த அக்காதான் சொன்னார். அதற்கு யாரும் படம் எடுக்கவில்லை.

நாம் ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிறோமே, நற்கருணைக்குக் கிரேக்கத்தில் யூக்காரிஸ்தியா என்று பெயர், அதற்கு நன்றி செலுத்துதல் என்றுதான் அர்த்தம். காணிக்கை பவனியில் அப்பமும் திராட்சை இரசமும் எடுத்துப்போகிறோம், அவை ஏற்கெனவே ஆண்டவர் தந்தவைதான், தந்ததில் கொஞ்சத்தைத் திருப்பி வைக்கிறோம். அப்படியானால் நாம் பை கட்டி மலைக்கு ஏற்றுவதும் அந்தப் பவனியின் மிச்சத் தூரம்தானே? நன்றி சொல்ல வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் அவர்களை வரிசையில் நிறுத்தி, நன்றியோடு சிரித்த முகம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனால் கணக்கு எங்கேயோ தலைகீழாகிவிடுகிறது. இயேசு குணமாக்கிய பத்துத் தொழுநோயாளரில் ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்த சம்பவத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டது உண்மை. ஆனால் கடவுளைப் புகழ அவர்கள் திரும்பி வரவில்லையே என்றுதான் கேட்டார். வந்த ஒருவனையும் எழுந்து போகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கோவாவிலிருந்து வந்த குருவான புனித யோசேப்பு வாஸ் நடந்த மலை இது. 1687-ல் கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கி, 1692-ல் கண்டிக்கு வந்து, ஒற்றன் என்று சந்தேகப்பட்டு அடைக்கப்பட்டவர். 1697-ல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, சொந்தக்காரர்களே விட்டுவிட்டுப் போனவர்களைத் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டார், கத்தோலிக்கரா இல்லையா என்று பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார், எங்கள் தோட்டத்திலிருந்தும் ஒரு பஸ் போனது, அம்மாவும் போனார். கூலி என்று ஏளனமாக அழைக்கப்பட்ட சனத்துக்கு, கூலி வேஷத்தில் வந்த ஒரு புனிதர் எவ்வளவு நெருக்கம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

படம் இல்லாவிட்டால் வெளிநாட்டில் காசு அனுப்பியவர்களுக்கு என்ன காட்டுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, கணக்குக் காட்டத்தான் வேண்டும். கடைப் பில்லைப் போடுங்கள். லொறியில் ஏற்றிய மூட்டைகளைப் படம் எடுங்கள், சரிந்த லயத்தை எடுங்கள், எத்தனை குடும்பம் என்று எழுதி தோட்டத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முகம் வேண்டாம். பிள்ளைகளின் முகம் வேண்டவே வேண்டாம், அந்தப் பிள்ளை நாளைக்குப் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது யாராவது அந்தப் படத்தைத் தோண்டி எடுத்துக் காட்டுவார்கள். முடிந்தால் வரிசையும் வேண்டாம், காம்பராவுக்கே போங்கள், இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்காருங்கள், தேத்தண்ணி தருவார்கள், வேண்டாம் என்று சொல்லாமல் குடியுங்கள்.

அப்புறம் இன்னொன்று. தவக்காலக் காணிக்கை சேர்க்கும்போது, பாவம் இவர்களிடம் என்ன கேட்பது என்று நினைத்து லயத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆலய உண்டியலில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை இயேசு தடுக்கவில்லை, சீடர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். போன வருஷம் வந்தவர்கள் எங்கள் வரிசையை விட்டுவிட்டுப் போனார்கள். அம்மா டின்னைத் துடைத்து வாசலில் வைத்துக்கொண்டு அந்தியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இப்போது புது டின் ஒன்று வைத்திருக்கிறார். தற்காலிகக் கூடாரத்தில்தான் இருக்கிறார், அடுப்பு வெளியே, டின் உள்ளே பாய்க்குப் பக்கத்தில். பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது என்று நேற்று போனில் சொன்னார். இந்த முறை வந்தால், ஒரு வெறும் பையும் கொண்டுபோங்கள்.

அன்புடன்,
கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகன்