சாவி வாங்குமுன் தரையைத் தட்டிப் பாருங்கள்

அண்ணன்மார், ஆச்சிமார் அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 10 மணிக்கு நம் காரைக்குடி அடுக்ககத்தைப் பார்வையிடலாம். மாதிரி வீட்டின் அலங்காரத்தில் மயங்கி நிற்காமல் நேரே அங்கே அவரவர் வாங்கிய வீட்டுக்குப் போய்விடுங்கள்.

முதல் வேலை தரை. ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். பொள்ளலாக ஒலித்தால் அடியில் கலவை நிரம்பவில்லை. கனமான பொருள் விழுந்தால் விரிசல் விடும். கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் கேட்டவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அது சூளையில் சுடாத சிமெண்ட் கல். பெயிண்ட் கறையை எடுக்கிறேன் என்று யாராவது ஆசிட் ஊற்றினால் பூவேலை மங்கிப் போகும்.

சமையலறை அலமாரிக்கு மேல்தாள் ஒட்டிவிட்டால் எல்லாப் பலகையும் ஒன்றுபோலவே தெரியும். பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். அதுதான் நீர் தாங்கும் மரைன் பிளைவுட். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வேறு எதையும் ஏற்காதீர்கள்.

குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, வடிகால் பக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். பர்மா தேக்கு நிலைக்கதவைப் பார்த்து வளர்ந்த நமக்கு எந்தக் கதவும் சோனியாகத்தான் தெரியும். உரசாமல் பூட்டினால் போதும்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3)இன்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டும் வேலைப்பாட்டுக் குறையைக் கட்டுநர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். வாய்ப்பேச்சு உதவாது, குறைகளைப் படத்துடனும் வீட்டு எண்ணுடனும் அன்று மாலைக்குள் இங்கே பதியுங்கள். ஒரே கடிதமாகக் கொடுப்போம்.