மரத்தை வெட்டினால் நிபா போகுமா?

ஆசிரியருக்கு,

நிபா வைரஸ் பற்றிய செய்தி வந்தாலே, வௌவால் தொங்கும் மரத்தை வெட்டச் சொல்லி யாராவது கிளம்பிவிடுகிறார்கள். நிபா ஒரே அச்சில் வார்த்த கிருமி அல்ல. 1998-99இல் மலேசியாவில் பன்றிகள் வழியாகப் பரவிய வகை வேறு. வங்கதேசத்தில் காய்ச்சாத ஈச்சஞ்சாற்றின் மூலம் மனிதருக்குத் தொற்றிய வகை வேறு. 2018இல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புறம் பகுதியில் 17 உயிர்களைப் பறித்தது, வங்கதேச வகைக்கே நெருக்கமானது. பழந்தின்னி வௌவால்களோ நோய்ப்படாமலே இதைச் சுமக்கின்றன. மரத்தை வெட்டினால் கூட்டம் அடுத்த ஊர்த் தோப்புக்குப் போகும், கிருமியும் கூடவே போகும். அப்புறம்? (வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் நம்மிடம் உண்டு!) அரசு வௌவால்களின் மாதிரிகளை ஆண்டுதோறும் சோதித்து, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும்.

- ஒரு வாசகர், தென்காசி